வாளையாற்றுக்கு இப்புறமும் அப்புறமும்: மாற்று எரிபொருள் பற்றி வண்டிக்காரர்கள் கேட்பவை

கேரள, தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்து வண்டி உரிமையாளர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி எண்ணெய்ச் செலவைப் பற்றிப் பேசுகிறோம். காய்கறி வேன், பால் வண்டி, கள் வண்டி, இளநீர் லாரி, ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் இதில் உண்டு. நான் இவர்களில் பலருக்கு வண்டிக் கணக்கு எழுதிக்கொடுப்பவன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்குத் தொண்டை மிச்சம்.

இது சங்கமா, கட்சியா, கம்பெனியா?

மூன்றும் இல்லை. சந்தா கிடையாது, பதவி கிடையாது. ஒரு தேங்காய்க் கிடங்கின் பின்பக்கத் திண்ணைதான் அலுவலகம். தேநீர்ச் செலவை அன்று யார் கடைசியாக வருகிறாரோ அவர் தலையில் கட்டுவது வழக்கம்; அதனால் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் விலையை டெல்லி தீர்மானிக்கிறது. எல்லையில் நாலு பேர் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது?

விலையை மாற்ற முடியாது. எத்தனை லிட்டர் எரிக்கிறோம் என்பதை மாற்றலாம். அதற்கு எல்லையின் இரு பக்கமும் சேர்ந்தாக வேண்டும்.

நம் வண்டி காலையில் பொள்ளாச்சியில் சரக்கு ஏற்றி, மதியம் பாலக்காட்டில் இறக்கி, மாலையில் கோவைக்குப் போகிறது. ஒரே நாளில் இரண்டு மாநிலம். ஆனால் மின்னேற்று நிலையம் எங்கே வரவேண்டும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு திட்டம் போடுகிறார்கள், சென்னையில் ஒரு திட்டம் போடுகிறார்கள். இரண்டு வரைபடமும் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகின்றன. நடுவில் ஓடுகிற வண்டி இரண்டு பேர் கணக்கிலும் வருவதில்லை.

தண்ணீருக்கு மட்டும் இந்த ஊர்க்காரர்கள் எப்போதோ ஒரு வழி கண்டார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ஆயக்கட்டுக்கு விட வேண்டும் என்பது கணக்கு. அதைப் பார்த்துக்கொள்ள இரு மாநிலப் பொறியாளர்களும் உட்காரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் ஒன்று பாலக்காட்டில் இருக்கிறது. சண்டை வராமல் இல்லை; கோடைக்குக் கோடை வருகிறது. ஆனால் சண்டை போடவாவது ஒரு மேசை இருக்கிறது. எரிபொருளுக்கு அந்த மேசையே இல்லை. எங்கள் திண்ணை அதற்கு ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும். எப்போதாவது அப்படி ஒரு மேசை போடப்பட்டால், கையில் கணக்கோடு போய் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம்.

வேறு எங்காவது இப்படி வட்டாரம் வட்டாரமாகக் கூடி எண்ணெயைக் குறைத்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. வளைகுடாப் போர் முடிந்த கையோடு, வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தை உணர்ந்து 1992இல் எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். அடுத்த ஆண்டு அந்நாட்டு எரிசக்தித் துறை 'கிளீன் சிட்டீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சேர்ந்த நகரம் அட்லாண்டா. இன்று 75க்கும் மேற்பட்ட வட்டாரக் கூட்டணிகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் 'கிளீன் சிட்டீஸ் அண்ட் கம்யூனிட்டீஸ்' என்று பெயரை நீட்டிக்கொண்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, எந்த எரிபொருளுக்கும் அவர்கள் கொடி பிடிப்பதில்லை. இயற்கை எரிவாயு, புரொப்பேன், எத்தனால், பயோடீசல், மின்சாரம், ஹைட்ரஜன் என்று அந்தந்த வட்டாரத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஒவ்வொரு கூட்டணிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். நகராட்சிக்காரர், எரிவாயு விற்பவர், வண்டி வைத்திருப்பவர், மின்வாரியக்காரர் ஆகியோரை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊரில் இந்த நான்கு பேரை ஒரே அறையில் நான் கல்யாண வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி பஸ், குப்பை லாரி, விமான நிலைய வேன் போன்றவற்றில் அவர்கள் அதிகம் கைவைத்தார்கள். காரணம் எளிது: இந்த வண்டிகள் இரவில் ஒரே கொட்டகைக்குத் திரும்புகின்றன. ஒரே ஓர் இடத்தில் நிரப்பும் வசதி செய்தால் போதும், ஊரெல்லாம் நிலையம் தேட வேண்டியதில்லை. நம் பால் வண்டிக்கும் கள் வண்டிக்கும் பள்ளி வேனுக்கும் இது அப்படியே பொருந்தும்.

அவர்கள் சொன்னதைச் செய்து முடித்தார்களா?

இல்லை. 1992 சட்டம் வாகன எரிபொருளில் பெட்ரோலியத்தின் பங்கில் 2000க்குள் 10 சதவீதத்தையும் 2010க்குள் 30 சதவீதத்தையும் மாற்று எரிபொருளால் ஈடுசெய்வது என்று இலக்கு வைத்தது. எட்டவில்லை. 2007இல் அந்த 30 சதவீத இலக்கை 2030க்குத் தள்ளிவைத்தார்கள்.

நம் பக்கமும் இதில் இளைத்ததல்ல. கேரளத்தின் 2019 மின்வாகனக் கொள்கை 2022க்குள் பத்து லட்சம் மின்வாகனங்கள் என்று எழுதியது. 2022 வந்தது, போனது.

கூட்டத்தில் சேர என்ன வேண்டும்?

ஒரு நோட்டு. முப்பது நாளைக்குத் தினமும் மூன்று எண் எழுத வேண்டும்: ஓடிய கிலோமீட்டர், அடித்த லிட்டர், காலியாக ஓடிய கிலோமீட்டர். நோட்டு இல்லாமல் வருபவருக்குத் தேநீர் உண்டு, பேச்சுரிமை கிடையாது.

முதல் மாதம் வந்த நோட்டுகளில் ஒன்றைச் சொல்கிறேன். வேலந்தாவளம் சந்தையிலிருந்து திருச்சூருக்குக் காய்கறி கொண்டுபோகும் பிக்கப் வண்டி. அண்ணன், தம்பி இருவர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். அண்ணன் கையெழுத்தில் "காலி" என்ற பத்தி முழுக்க நிரம்பியிருந்தது. தம்பி பக்கத்தில் பாதி நாள் அது வெற்றாக இருந்தது. விசாரித்தால், தம்பி திரும்பும்போது ஒரு பிளைவுட் கடைக்காரருக்குச் சரக்கு எடுத்துவருகிறானாம். அண்ணனுக்கே அது அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் திண்ணையில் யாரும் பேசவில்லை.

வண்டியை மாற்றாமலே எண்ணெயைக் குறைக்க முடியுமா?

முடியும். முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். நம் பக்கத்து வண்டிகள் கேரளத்துக்குள் நிறைந்து போய், காலியாகத் திரும்புகின்றன. காய்கறி, முட்டை, இளநீர், சிமெண்டு எல்லாம் மேற்கே போகின்றன. திரும்பும் சரக்கைத் தேடிப் பிடித்தால்தான் உண்டு. காலி லாரியும் டீசல் குடிக்கிறது. எந்த மாற்று எரிபொருளையும்விடப் பெரிய சேமிப்பு இந்தத் திரும்புகிற பயணத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டாவது, நிற்கும்போது எஞ்சினை அணைப்பது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டதற்கு முன் வாளையாற்றில் லாரி வரிசை எப்படி இருந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. இரவெல்லாம் பத்தடி நகர்வது, நிற்பது. எஞ்சினை அணைக்கவும் மனம் வராது. நின்றுகொண்டே எரியும் டீசல் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர். அந்த வரிசை கலைந்தபோது, எரிபொருள் சேமிப்புத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்காமலேயே டீசல் மிச்சமானது.

மூன்றாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள வாசல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டார்கள். அந்த மாதங்களில் மேற்கு நோக்கிப் போகும் உயரமான லோடுக்கு மைலேஜ் குறையும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். டயர்க் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்; அளந்து பார்த்தால் பாதிப் பேர் டயரில் காற்று குறைவு.

தமிழ்நாட்டில் விலை குறைவு. அங்கே போய் நிரப்பிவந்தால் போதாதா?

அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. அதனால் எல்லைக்கு இப்புறம் 'பம்பு' காற்று வாங்க, அப்புறம் 'பங்க்' வாசலில் கூட்டம். போகிற வழியில் நிரப்பினால் லாபம். நிரப்புவதற்கென்றே பதினைந்து கிலோமீட்டர் போய்வந்தால், மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி வழியிலேயே புகையாகிவிடும். கணக்குப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சி.என்.ஜி.க்கு (அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு) மாறலாமா?

தினமும் ஓடும் தூரம் அதிகமாகவும், போகும் வழியில் குறைந்தது இரண்டு நிலையமும் இருந்தால் மாறலாம். ஒன்றே ஒன்று என்றால் யோசியுங்கள்.

எரிவாயு இங்கே வந்த கதை நீளமானது. கொச்சி புதுவைப்பில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து குழாய் போக வேண்டும். கொச்சி மங்களூர் குழாய், 450 கிலோமீட்டர், 2021 ஜனவரி 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. கூட்டநாட்டிலிருந்து ஒரு கிளை வாளையாறு பக்கம் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் ஏழு மாவட்ட விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் குழாய் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று எதிர்த்தார்கள். மாநில அரசும் அதையே சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாய் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரு மாநிலமும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து பாதையைப் பேசியிருந்தால் இத்தனை ஆண்டு போயிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம். விவசாயி மேல் நான் குறை சொல்லமாட்டேன். தென்னந்தோப்புக்கு நடுவே குழாய் போனால் அந்தப் பட்டையில் மறுபடி தென்னை வைக்க முடியாது.

சில நிலையங்களில் சிலிண்டர் முழுதாக நிறைவதில்லையே, ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. சி.என்.ஜி. ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்பட வேண்டும். குழாய் நேராக வரும் நிலையத்தில் அழுத்தம் குறைவதில்லை. குழாய் வராத நிலையங்களுக்கு லாரியில் உருளைக் கொத்தாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நான்கைந்து வண்டி நிரப்பியதும் கொத்தில் அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் முறை வரும்போது அரைச் சிலிண்டர்தான் ஏறும். வரிசையில் நிற்கும் முன் அழுத்தமானியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடந்த ஆண்டு ஒரு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று இரண்டு கிலோ வாங்கிவந்த அனுபவம் எனக்கு உண்டு. கூட வந்த டிரைவர் அன்று என்னோடு பேசவே இல்லை.

சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம். அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சி.என்.ஜி. காற்றைவிட லேசானது; கசிந்தால் மேலே போய்விடும். எல்.பி.ஜி. கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். எல்.பி.ஜி. ஆட்டோவைப் பள்ளமான கொட்டகையில் பூட்டிவைக்காதீர்கள்.

மின்சார ஆட்டோவுக்கு எல்லை தாண்ட பெர்மிட் வேண்டுமா?

மின்கலத்திலும் எத்தனாலிலும் மெத்தனாலிலும் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. பெர்மிட் மட்டும்தான் தேவையில்லை. தகுதிச் சான்று, காப்பீடு, வரி எல்லாம் அப்படியே உண்டு. அறிவிப்பின் நகலை வண்டியில் வைத்திருங்கள். சாலையில் வாய்ச்சண்டை போடுவதைவிடக் காகிதத்தை நீட்டுவது நல்லது.

இன்னொன்று: வரிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாடு மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கு கொடுத்துவந்திருக்கிறது. கேரளம் மின்கார்களுக்கு 5 சதவீதம் வாங்கியது. 15 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2025இல் கூட்டியும் விட்டது. வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பதிவு. மாமனார் முகவரியில் பதிவு செய்யலாமா என்று கேட்டவருக்கு என் பதில்: மாமனாரைக் கேளுங்கள், பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

சார்ஜ் எங்கே போடுவது?

கேரளத்துப் பக்கம் மின்வாரியம் ஒரு நல்ல காரியம் செய்தது. தெருவோர மின்கம்பத்திலேயே ஒரு பெட்டியை மாட்டி ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் சார்ஜ் போடும் வசதி. 2021இல் கோழிக்கோட்டில் சோதனையாகத் தொடங்கி, மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் வைத்தார்கள். புது இடம் வாங்க வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்பம் போதும்.

வைத்தால் மட்டும் போதுமா? நான் ஒருமுறை எல்லைக்கருகே ஒரு பெட்டியைத் தேடிப்போனேன். கைபேசிச் செயலி "தயார்" என்றது. பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது, இரண்டு முட்டையோடு. கலைக்க மனம் வராமல் பக்கத்து டீக்கடைச் சேட்டனிடம் கெஞ்சி, பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு டீ, ஒரு பழம்பொரி ஆனது.

எல்லை தாண்டினால் செயலி மாறுகிறது, பணம் கட்டும் கணக்கு மாறுகிறது. இந்தச் செயலியில் நூறு ரூபாய், அந்தச் செயலியில் நூறு ரூபாய் என்று சில்லறை சிதறிக் கிடக்கும். கூட்டு மேசை என்று ஒன்று வந்தால் நாங்கள் கேட்கப்போகும் முதல் விஷயம் இதுதான்: ஒரே கணக்கில் இரு பக்கமும் சார்ஜ்.

வீட்டில் போடுவதே மலிவு. பொது நிலையத்தில் கேரளத்தில் பகல் ஒன்பது முதல் நான்கு வரை சூரிய மின்சார நேரக் கட்டணம் குறைவு, மாலைக்குப் பிறகு கூடுதல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சார ஆட்டோவில் உண்மையிலேயே மிச்சம் உண்டா?

ஓர் உத்தேசக் கணக்கு. பெட்ரோல் ஆட்டோ லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டும். மின் ஆட்டோவுக்கு அதே தூரத்துக்கு எட்டு யூனிட் என்று வைத்தால், யூனிட் எட்டு ரூபாய்க்கு அறுபத்துநான்கு ரூபாய். இடைவெளி பெரிது. ஆனால் கடன் தவணையும், சில ஆண்டு கழித்து வரும் பேட்டரிச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும். தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடுபவருக்கு லாபம். ஸ்டாண்டில் நின்று பேப்பர் படிப்பவருக்கு இல்லை. எந்த நிறுவன வண்டி நல்லது என்று கேட்காதீர்கள். கேரள அரசு நிறுவனம் நெய்யாற்றின்கரையில் செய்த 'நீம்ஜி' முதல் தனியார் வண்டிகள் வரை எதுவானாலும், பழுதுபார்க்கும் கடை உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதே முதல் கேள்வி.

லாரிக்கு மின்சாரம் வருமா?

நீண்ட தூர லாரிக்கு இப்போதைக்கு எங்கள் திண்ணை அதைப் பேசுவதில்லை.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா?

குறைகிறது; ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆறேழு சதவீதம் குறைய வேண்டும். நிதி ஆயோக் அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7, இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் என்றே சொல்கிறது. இதற்கென்றே சரிசெய்யப்பட்ட புதிய கார்களில் 1 முதல் 2. பத்து சதவீதக் கலப்பு 2022இல் எட்டப்பட்டது, இருபது 2025இல். பழைய வண்டியில் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாள்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கள் வண்டிக்காரர் ஒருவர், "நான் வருஷக்கணக்காக எத்தனால் கடத்துகிறேன், எனக்கு மானியம் இல்லையா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுவதில்லை. எழுதாமல் விட மனமில்லை.

எத்தனால் ஆலை நம் பக்கமே வந்தால் நல்லதுதானே?

2025இன் தொடக்கத்தில் பாலக்காட்டு எலப்புள்ளியில் மது, எத்தனால் ஆலைக்குக் கேரள அமைச்சரவை அனுமதி அளித்தது; நிலத்தடி நீர் போய்விடும் என்று ஊர் எதிர்த்தது. பிளாச்சிமடை எலப்புள்ளியிலிருந்து தூரமில்லை. அங்கே கிணறுகளை வற்றவைத்ததாக ஊர் சொன்ன குளிர்பான ஆலை 2004இல் நின்றபின்னும் கிணற்றுக் கதை ஓயவில்லை. மழைநிழல் பகுதியில் தண்ணீரைக் குடித்து எரிபொருள் தரும் தொழிலை எண்ணெய்ச் சேமிப்பு என்ற ஒற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. எங்கள் கூட்டத்திலேயே இதில் இரண்டு கட்சி. நான் கிணற்றுக் கட்சி.

காட்டாமணக்கு என்ன ஆயிற்று?

வேலியில் இருக்கிறது. அதன் விதையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்ற 2003 தேசிய பயோடீசல் திட்டத்தை நம்பித் தரிசில் நட்டவர்களிடம் கேளுங்கள். தண்ணீர் இல்லாமலே காய்க்கும் என்றார்கள். செடி பிழைக்கும், காய் வராது என்பதை யாரும் சொல்லவில்லை.

சிப்ஸ் கடை எண்ணெயை டீசலாக்கலாம் என்கிறார்களே?

இது உண்மை, நம் ஊருக்குப் பொருத்தமும்கூட. பாலக்காடு முதல் கோவை வரை நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளில் மாலையானால் வாணலியில் கறுத்த எண்ணெய் மிஞ்சுகிறது. முனைவுச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்தது. அடுத்த மாதமே பழைய எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தையும் தொடங்கியது. எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் (அல்கலி; மிளகாய்க் காரம் அல்ல) சேர்த்தால் மேலே பயோடீசல், கீழே கிளிசரின் என்று பிரியும்.

அதை உரிமம் உள்ள ஆலைதான் செய்ய வேண்டும். கறுப்பு எண்ணெயைத் துணியில் வடிகட்டி நேராக டாங்கில் ஊற்றாதீர்கள். சிப்ஸ் கடை எண்ணெய் தேங்காய் எண்ணெயாக இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் ஒருவர் வண்டியைக் கிளப்ப முடியாமல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக நெய் மாதிரி. வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

இரு மாநிலக் கடைகளிலும் எண்ணெய் சேகரிக்க ஒரே வண்டி போனால் செலவு பாதி. பதினொரு கடைக்காரர்கள் டின்னில் சேர்த்துவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டம் எப்போது?

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சந்தை கலைந்த பிறகு. நோட்டைக் கொண்டுவாருங்கள். மழை பெய்தால் திண்ணையில் பாதிதான் நனையாது; முதலில் வருபவருக்கு அந்தப் பாதி.